ஒன்பது ஏ மட்டும்தானா செய்தி?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியான மறுநாளே ஊர்ச் சந்திகளில் பதாகைகள் ஏறிவிடுகின்றன. ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படம், பாடசாலையின் பெயர், கீழே பழைய மாணவர் சங்கத்தின் வாழ்த்து. அந்த மகிழ்ச்சி நியாயமானது. உழைத்த பிள்ளையை ஊர் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் ஒரு பாடசாலையைப் பற்றி ஆண்டு முழுவதும் ஊரின் காதில் விழும் செய்தி அது ஒன்றுதான் என்றால், பதாகை கட்ட வாய்ப்பில்லாத பாடசாலைகள் ஊரின் நினைவிலிருந்தே நழுவிவிடும். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் தரம் 11 வரை மட்டும் வகுப்பு நடத்தும் பாடசாலைகளுக்கு நேர்வது இதுதான்.

இதனால் பாதிக்கப்படுவது பாடசாலையின் பெருமை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளையின் படிப்பு, ஆசிரியர் நியமனம், சில வேளை பிள்ளையின் உயிர் வரைக்கும் இது போகும்.

நூறில் நால்வர்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. ஜூலையில் பெறுபேறு வந்தது. நாடு முழுவதும் ஒன்பது ஏ பெற்றவர்கள் 13,392 பேர், அதாவது 4.15 சதவீதம். உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றவர்கள் 237,026 பேர், 73.45 சதவீதம்.

நூறு பிள்ளைகள் பரீட்சை எழுதினால் பதாகையில் இடம் பிடிப்பவர்கள் நால்வர். உயர்தரத்துக்குத் தகுதி பெற்றும் பதாகையில் வராதவர்கள் ஏறத்தாழ 69 பேர். மீதி 26, 27 பேர் அந்தத் தகுதியையும் பெறாமல் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள், தொழிற்பயிற்சியில் சேர்ந்தார்களா, மீண்டும் பரீட்சை எழுதினார்களா, கடலுக்கோ வயலுக்கோ போய்விட்டார்களா என்று ஊரில் யாரும் விசாரிப்பதில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலும் கதை இதுவே. ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் சிறுவர் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஆறு பேரில் ஒருவர் அளவில்தான். மற்ற ஐவரும் பத்து வயதிலேயே, தம்மைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

நடுவில் நிற்கும் பாடசாலை

இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவை நான்கு வகைப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகம் வரை உள்ளவை 1சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2. ஆரம்ப வகுப்புகளை மட்டும் அல்லது அதற்குச் சற்று மேல் வரை கொண்டவை வகை 3. பெயர் சொன்னால் எல்லாருக்கும் தெரியும் பாடசாலைகள் பெரும்பாலும் முதலாவது வகையைச் சேர்ந்தவை. அவை ஆயிரத்துச் சொச்சம்தான். நாட்டின் பாடசாலைகளில் பெரும்பாலானவை வகை 2, வகை 3 என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும்.

கிண்ணியாவில் மத்திய கல்லூரியையும் முஸ்லிம் மகளிர் கல்லூரியையும் அல் அக்ஸாவையும் எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்கு அப்பால், குறிஞ்சாக்கேணி வரை சிதறிக் கிடக்கும் சிறிய வித்தியாலயங்களின் பெயரை அடுத்த கிராமத்தவரே தடுமாறித்தான் சொல்வார்கள்.

இந்தப் பாடசாலைகளை நாம் அளக்கும் முறையில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. புலமைப்பரிசிலில் நன்றாகச் செய்த பிள்ளைகள் தரம் 6இல் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். வசதியுள்ள பெற்றோரின் பிள்ளைகள் பரீட்சை இல்லாமலே போய்விடுகிறார்கள். எஞ்சிய பிள்ளைகளைச் சேர்த்தணைத்து ஆறு ஆண்டு படிப்பிப்பது நடுத்தரப் பாடசாலை. ஆறாம் ஆண்டு முடிவில் அதைப் பார்த்து, “உங்களிடம் எத்தனை ஒன்பது ஏ?” என்று கேட்கிறோம்.

பதில் ‘இல்லை’ என்றால், அடுத்த ஆண்டு முதலாம் தரத்துக்கு வர வேண்டிய பிள்ளைகளும் வேறு பக்கம் போகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறைகிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இல்லாமல் போகிறது. ஆசிரியர் இல்லாத பாடத்தில் பெறுபேறு எப்படி வரும்? அடுத்த ஆண்டும் பதாகை இல்லை. இப்படியே தேய்ந்து, ஒருநாள் ‘மாணவர் தொகை போதாத பாடசாலை’ என்ற பட்டியலில் போய் நிற்கிறது.

அந்தப் பட்டியல் வெறும் கற்பனை கிடையாது. 2025இல் கல்விச் சீர்திருத்தம் பாராளுமன்றத்தில் பேசப்பட்டபோது, 50க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளை என்ன செய்வது என்ற கேள்வியும் மேலே வந்தது. பெரிய நகரில் ஒரு பாடசாலையை மூடினால் பிள்ளை அடுத்த தெருவுக்கு நடந்து போகும். ஆறும் களப்பும் குறுக்கிடும் கிண்ணியாப் பக்கத்தில் மூடினால், பிள்ளை நீரைக் கடந்து போக வேண்டிவரும்.

சொல்லப்படாத செய்தியின் விலை

நீரைக் கடந்து போவது என்றால் என்ன என்பதைக் கிண்ணியா மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. கொவிட் முடக்கத்துக்குப் பிறகு பாடசாலைகள் படிப்படியாகத் திறந்துகொண்டிருந்த நாட்கள். குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய வழி மூடப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக ஓடியது ஒரு மிதவைப் படகு; ஊரில் அதைப் ‘பாதை’ என்பார்கள். சீருடை அணிந்த பிள்ளைகளையும் வேலைக்குப் போகும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போன அந்தப் பாதை ஏழரை மணியளவில் கவிழ்ந்தது. அன்று ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சிறுவர்கள். அடுத்துவந்த நாட்களில் மேலும் உயிர்கள் போயின.

மறுநாள் நாட்டின் பத்திரிகைகளில் குறிஞ்சாக்கேணி பெரிய செய்தி. அமைச்சர்கள் பேசினார்கள், விசாரணைகள் தொடங்கின, கைதுகள் நடந்தன.

ஆனால் பிள்ளைகள் அந்தப் பாதையில் ஏறியது அன்று முதல் தடவையாக அல்ல. பல வாரங்களாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். பாதுகாப்பு அங்கி அணிந்தார்களா, ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறினார்கள், மழை நாளில் எத்தனை பிள்ளைகள் பயந்து வீட்டில் நின்றார்கள் என்பதெல்லாம் அந்தப் பாடசாலைகளின் அன்றாடச் செய்தி. கரையில் நின்றவர்களுக்கு அது தெரியும். வகுப்பாசிரியருக்கு வரவுப் பதிவேட்டில் அது தெரியும். ஊரெல்லாம் வாசிக்கும் ஒரு தாளில், மாதம் தவறாமல் அது எழுதப்பட்டிருந்தால் அதிகாரிகளுக்கு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல இடமிருந்திருக்காது. அப்படி எழுதியிருந்தால் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. தப்புவதற்கு ஒரு வழியாவது இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

பெரிய செய்தி எப்போதும் தாமதமாக வருகிறது. அதற்கு முன்னால் வந்துபோன சின்னச் செய்திகளைக் கேட்கும் பழக்கம் ஊருக்கு இருக்க வேண்டும்.

இடர் வந்தால் முதலில் திறக்கும் கதவு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் திருகோணமலை மாவட்டத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று, வைத்தியசாலையும் தப்பவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கந்தளாயிலும் கிண்ணியாவிலும் பாடசாலைகள் அவர்களுக்கு வீடாகின. 2017 மார்ச்சில் டெங்கு பரவியபோது கிண்ணியாவின் பாடசாலைகளை மூடித் துப்புரவு செய்ய வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையோடு மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, கொட்டியாரக் குடாவைச் சுற்றிய தாழ்நிலங்களை வெள்ளம் சூழ்ந்தது.

இடர் வரும் ஒவ்வொரு தடவையும் ஊர் ஒதுங்க ஓடும் இடம் பாடசாலை மண்டபம். இடர் நீங்கிய பின், அதே மண்டபத்தின் கூரை ஒழுகுகிறதா, கிணற்று நீர் குடிக்க உகந்ததா, வெள்ளத்தில் கொப்பியும் புத்தகமும் இழந்த பிள்ளை திரும்பி வந்ததா என்று கேட்க ஆளில்லை. பாடசாலை நமக்குத் தேவைப்படும் நாளில் மட்டும் அதை நினைப்பது நன்றியுள்ள செயலாகாது.

எது சாதனை?

‘சாதனை’ என்ற சொல்லைப் பரீட்சைத் திணைக்களத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட்டோம். ஒரு நடுத்தரப் பாடசாலையின் சாதாரண வாரத்தை உற்றுப் பார்த்தால் சாதனைகள் எத்தனை வகையில் இருக்கின்றன என்பது தெரியும்.

தகப்பனோடு மீன்பிடிக்கப் போய் ஒரு தவணை முழுவதும் வராதிருந்த பையன், வகுப்பாசிரியர் இரண்டு மூன்று தரம் வீட்டு வாசலில் போய் நின்ற பிறகு திரும்பி வருகிறான். தரம் 4 வரை எழுத்துக் கூட்டியே வாசித்த சிறுமி, காலைக் கூட்டத்தில் தடங்கலின்றி ஒரு ஹதீஸை வாசித்து விளக்கம் சொல்கிறாள். தமிழ்மொழித் தினப் போட்டியில் கோட்ட மட்டத்தில் இரண்டாமிடம் வந்து மாகாணம் வரை போக முடியாத பிள்ளை, மறு ஆண்டும் பெயர் கொடுக்கிறது. ஓட்டப் பாதை கீறுவதற்குச் சுண்ணாம்பு வாங்கக் காசில்லாத பாடசாலை, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டு இல்ல விளையாட்டுப் போட்டியை நடத்தி முடிக்கிறது.

இவை எதற்கும் ஏ, பி, சி கிடையாது. ஆனால் ஒரு பெற்றோர் தன் பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று யோசிக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை இவைதான். வராத பிள்ளையைத் தேடிப் போகும் ஆசிரியர் எந்தப் பாடசாலையில் இருக்கிறார் என்பதை எந்தப் பெறுபேற்றுத் தாளும் சொல்லாது.

காலைக் கூட்டத்தில் ஒரு நிமிடம்

நம் முஸ்லிம் பாடசாலைகளின் காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிராஅத், தேசிய கீதம், ஹதீஸ், அதன் பிறகு ‘இன்றைய செய்திகள்’. ஒரு மாணவி முன்னால் வந்து தாளைப் பிரிக்கிறாள். எரிபொருள் விலை, அமைச்சரின் வெளிநாட்டுப் பயணம், கிரிக்கெட் முடிவு. முந்திய இரவு வானொலியில் கேட்டது அல்லது கைத்தொலைபேசியில் பார்த்து எழுதியது. வெயிலில் நிற்கும் பிள்ளைகள் கேட்டும் கேட்காமலும் நிற்கிறார்கள்.

அதே மாணவி, “நேற்று எமது பாடசாலையில்…” என்று தொடங்கினால் வரிசையில் நிற்கும் எல்லாத் தலையும் நிமிரும். செய்தி கேட்கும் பழக்கமும் சொல்லும் பொறுப்பும் அங்கே தொடங்கும். சொல்வதற்கு முன் உண்மையா என்று விசாரிக்க வேண்டும், பெயரைப் பிழையின்றி எழுத வேண்டும், இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை பதின்மூன்று வயதிலேயே கற்றுக்கொள்ளும். வதந்தி வட்ஸ்அப்பில் பறக்கும் காலத்தில் இதைவிடப் பயனுள்ள மொழிப்பாடம் என்ன இருக்கிறது?

பிரான்சில் ஒரு நூற்றாண்டுக்கு முன் செலஸ்தீன் ஃபிரெனே என்ற ஆசிரியர் இதைச் செய்து காட்டினார். முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பிய அவரால் வகுப்பில் உரத்துப் பேச முடியவில்லை. பார்-சூர்-லூ என்ற மலைக்கிராமத்துப் பள்ளியில் 1920களில் சிறியதோர் அச்சுப்பொறியை வாங்கி வைத்தார். பிள்ளைகள் தம் வீட்டிலும் தெருவிலும் நடந்ததை எழுதி, தாமே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். பிரான்சின் பிரிட்டனி கரையோரத்துப் பள்ளியொன்றுக்கு அத்தாள்களைத் தபாலில் அனுப்பினார்கள். அங்கிருந்து கடலோரப் பிள்ளைகளின் எழுத்து இவர்களுக்கு வந்தது. பெரிய கல்வி இயக்கமொன்று அந்தச் சின்னப் பள்ளியின் அன்றாடச் செய்தியிலிருந்துதான் வளர்ந்தது.

நமக்குப் பக்கத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித்துறை 2022இல் அரசுப் பள்ளி மாணவருக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களைத் தொடங்கி, பிள்ளைகளின் ஆக்கங்களுக்கும் அவற்றில் இடம் தந்தது. நம்மிடம் கையெழுத்துச் சஞ்சிகையும் சுவர்ப் பத்திரிகையும் பழைய வழக்கங்கள். கவிஞர் அண்ணலைத் தந்த கிண்ணியாவில் எழுதும் கைக்கு என்றும் பஞ்சம் வந்ததில்லை. அந்தக் கைகளுக்குத் தம் பாடசாலையை எழுதும் வேலையைக் கொடுத்தால் போதும்.

இரண்டு ஆட்சேபங்கள்

“ஆசிரியர்களுக்கு இருக்கும் வேலையே தலைக்கு மேல், இது வேறா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அறிக்கை எழுதுதல், கடிதம் எழுதுதல், நிகழ்ச்சி விபரித்தல் எல்லாம் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே உள்ளவை. ‘நீ கண்ட ஒரு விபத்து’ என்று கற்பனையாக எழுதச் சொல்வதற்குப் பதிலாக, ‘நேற்றைய சிரமதானம்’ என்று உண்மையை எழுதச் சொல்லலாம். ஆசிரியர் எப்படியும் திருத்தத்தான் போகிறார்.

“எல்லாரையும் பாராட்டினால் பாராட்டுக்கு மதிப்பிருக்காதே?” என்பது இரண்டாவது. நான் கேட்பது பாராட்டு மழையை அல்ல, உண்மையான தகவலை. பிள்ளை திரும்பி வந்ததும் செய்தி, கணித ஆசிரியர் இரண்டு தவணையாக இல்லாததும் செய்தி. இரண்டையும் ஒரே தாளில் எழுதும் பாடசாலையைப் பெற்றோர் நம்புவார்கள்.

செய்யக்கூடியவை

*ஒன்று:* ஒவ்வொரு நாளும் காலைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் ‘எமது பாடசாலைச் செய்தி’. வகுப்புக்கு இரண்டு மாணவ நிருபர்கள், தவணைக்கு ஒரு தடவை மாற்றம். பின்வரிசைப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும்.

*இரண்டு:* மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம், போட்டோ பிரதி. பள்ளிவாசல் அறிவித்தல் பலகை, கூட்டுறவுக் கடை, மீன் சந்தை, வைத்தியசாலை ஆகிய இடங்களில் ஒட்ட வேண்டும். ஒரு பெரிய பதாகையைக் குறைத்தாலே பல மாதத் தாளுக்குச் செலவு கிடைத்துவிடும். பழைய மாணவர் சங்கங்கள் இதை ஏற்கலாம்.

*மூன்று:* ஒவ்வொரு பாடசாலையும் ‘வழிப் பதிவேடு’ ஒன்று வைக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்த வழியால் வருகிறது, ஆறு, களப்பு, பெருந்தெரு, யானை நடமாடும் காடு ஆகியவற்றில் எதைக் கடக்கிறது என்று எழுதித் தவணைதோறும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நகர சபைக்கும் அல்லது பிரதேச சபைக்கும் பிரதி அனுப்பி, கிடைத்ததற்குக் கையொப்பம் பெற வேண்டும்.

*நான்கு:* கிண்ணியா வலயக் கல்வி அலுவலகம் ஒவ்வொரு தவணையும் பாடவாரியான ஆசிரியர் வெற்றிடங்களையும் குடிநீர், மலசலகூட நிலைமையையும் பாடசாலை வாரியாக மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நல்ல அதிகாரிக்கு இது பலம். கொழும்பிடமும் மாகாணத்திடமும் ஆசிரியரைக் கேட்கும்போது ஊர் அவர் பின்னால் நிற்கும்.

*ஐந்து:* சாதாரண தரப் பெறுபேறு வரும்போது ஒன்பது ஏ தொகையோடு இன்னும் மூன்று எண்களையும் பாடசாலைகள் வெளியிட வேண்டும்: தரம் 6இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தரம் 11 வரை நின்றார்கள், எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள், தகுதி பெறாதவர்களில் எத்தனை பேரைத் தொழிற்பயிற்சியில் சேர்த்துவிட்டோம். இந்த மூன்றாவது எண்ணைச் சொல்ல வேண்டிவந்தால்தான் அந்தப் பிள்ளைகளைத் தேடத் தொடங்குவோம்.

*ஆறு:* பத்திரிகைகளின் பிராந்தியப் பக்கங்கள் வாரம் ஒரு பத்தியைப் பெயர் தெரியாத பாடசாலைகளுக்கு ஒதுக்கலாம். பரிசளிப்பு விழாவில் பொன்னாடை போர்த்தியவரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும்.

*ஏழு:* இவை அனைத்துக்கும் ஒரு வேலி வேண்டும். பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளையின் படம் வெளிவரக் கூடாது. யாருடைய குறைந்த புள்ளியும் வீட்டு வறுமையும் பெயரோடு எழுதப்படக் கூடாது. எந்தச் செய்தியும் பலகைக்கோ முகநூலுக்கோ போகும் முன் அதிபர் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் அடிப்படை எளிமையானது: எந்த ஊரில், எந்த வீட்டில் பிறந்தாலும் பிள்ளைக்குப் பாடசாலை உண்டு. அந்த வாக்குறுதியைச் சிறிய ஊர்களில் இன்று சுமந்து நிற்பது பெரும்பாலும் வகை 2 பாடசாலைதான். அது என்ன செய்கிறது, அதற்கு என்ன இல்லை என்று மாதம் ஒருமுறை கேட்டறிவது ஊரின் கடமை.

மேலே சொன்ன ஏழில் முதல் மூன்றுக்குச் சுற்றறிக்கையோ அமைச்சின் அனுமதியோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. அதிபர் மனம் வைத்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒருநாள் மாலை கூடி முடிவெடுத்தால், அடுத்த தவணையின் முதல் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.